ஆறு தசமமும் தாத்தா பட்டாவும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டியே பார்க்கல. ஆபீஸ்ல பிடுங்க வேண்டிய ஆணி மலை மாதிரி குவிஞ்சு கிடந்தது. போன வாரம்தான் நாலு நாள் லீவு கிடைச்சு ஊருக்குப் போயிட்டு வந்தேன். ஊருன்னா போடிநாயக்கனூர். 2010ல மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினதுலேர்ந்து 2023 ஜூன் வரைக்கும் பஸ்லயே முதுகு ஒடிஞ்ச ஜனங்க நாங்க. இப்ப சென்னை சென்ட்ரல்ல ராத்திரி ஏறினா காலையில ஏலக்காய் வாசனையோட இறங்கலாம். (வாசனை கொஞ்சம் மிகைதான். கண்டுக்காதீங்க :-))

ஊர்ப் பெருமை பேச இந்தப் பதிவு இல்ல. வயித்தெரிச்சல் பதிவு. நீளமும் ஜாஸ்தி. பொறுமை இருக்கறவங்க தொடருங்க.

போய் இறங்கின அன்னைக்கு சாயங்காலம் சித்தப்பா கூப்பிட்டார். குரங்கணி, கொட்டகுடி பக்கம் மலைச்சரிவுல எங்களுக்கு மூணே கால் ஏக்கர் காபித் தோட்டம் இருக்கு. நடுவுல மிளகுக் கொடி, அங்கங்க சில்வர் ஓக்கும் பலாவும். தாத்தா காலத்துத் தோட்டம், இப்ப சித்தப்பாதான் பார்த்துக்கறார். களத்துல காபி காஞ்சுகிட்டு இருந்தது. கையில போனை நீட்டினார்.

"ஏண்டா, நீ கம்ப்யூட்டர்ல தான வேலை பாக்குற? இது என்னன்னு பாரு. வருசா வருசம் நம்மகிட்ட சரக்கு எடுக்குற ஏவாரி அனுப்பியிருக்காரு. வெள்ளைக்காரன் நம்ம தோட்டத்துக்கு அட்ரசு கேக்குறானாம்ல."

பார்த்தேன். ஒரு படிவம். விவசாயி பெயர், பட்டா எண், சர்வே எண், பரப்பு. அதுக்குக் கீழ அட்சரேகை, தீர்க்கரேகை. பக்கத்துலயே குறிப்பு: புள்ளிக்கு அப்புறம் ஆறு இலக்கம் கட்டாயம்.

"குடுக்கலேன்னா என்ன சித்தப்பா சொல்றார்?"

"எடுத்துக்கிருவாராம். ஆனா வெலையக் கொறச்சுத்தான் எடுப்பாராம். அத விடு. பட்டா நம்பருன்னு போட்டிருக்கே, எந்தப் பட்டாவடா குடுக்கறது?"

அந்தக் கடைசிக் கேள்விதான் இந்தப் பதிவு.

*

முதல்ல மேட்டர் என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல ஒரு சட்டம் போட்டது. காடழிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், சுருக்கமா ஈ.யூ.டி.ஆர். காபி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மரம், மாடு ஆகிய ஏழும், அதுலேர்ந்து செய்யற பொருள்களும் ஐரோப்பாவுக்குள்ள போகணும்னா ரெண்டு விஷயத்தை நிரூபிக்கணும். ஒண்ணு, 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காட்டை அழிச்ச நிலத்துல அது விளையல. ரெண்டு, விளைஞ்ச நாட்டோட சட்டப்படிதான் விளைஞ்சிருக்கு. நிலத்தைப் பயன்படுத்தற உரிமையும் இந்த ரெண்டாவதுக்குள்ள வரும்.

நிரூபிக்கறது எப்படி? ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் புவிக் குறியீடு. 4 ஹெக்டேருக்குக் கீழ, அதாவது கிட்டத்தட்ட 10 ஏக்கருக்குக் கீழன்னா ஒரு புள்ளி போதும். அதுக்கு மேலன்னா எல்லையைச் சுத்தி வரைபடமே தரணும். தப்பு பண்ற ஐரோப்பிய நிறுவனத்துக்கு அவங்க நாடுகள் போடற அபராதத்தோட உச்சவரம்பு, ஒன்றியத்துக்குள்ள அந்த நிறுவனத்தோட வருஷ விற்றுமுதல்ல 4 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அவன் பயப்படுவானா மாட்டானா? அவன் ஏற்றுமதியாளரைக் கேட்பான், ஏற்றுமதியாளர் வியாபாரியைக் கேட்பார், வியாபாரி எங்க சித்தப்பாவோட வாட்ஸப்புக்கு வருவார்.

ஏலக்காய் இந்தப் பட்டியல்ல இல்ல. அதனால ஏலத்தோட்டக்காரங்க "நமக்கென்ன"ன்னு உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கும் கொஞ்சம் கீழ பங்கு வெச்சிருக்கேன். பொறுங்க.

"ஐரோப்பாவுக்கு விக்காட்டி என்ன, கும்பகோணம் டிகிரி காபிக்குக் குடுத்துட்டுப் போறது"ன்னு ஒரு பின்னூட்டம் வரும்னு தெரியும். இந்தியாவுல விளையற காபியில மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஏற்றுமதிதான். அதுல பெரிய வாய் ஐரோப்பாவோடது: இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம். உள்ளூர் விலையே லண்டனையும் நியூயார்க்கையும் பார்த்துத்தான் ஏறி இறங்குது. நம்ம பில்டர் காபிக்கும் அவன்தான் விலை வெக்கிறான் சாமி. புவிக் குறியீடு உள்ள மூட்டைக்கு ஒரு விலை, இல்லாத மூட்டைக்கு ஒரு விலைன்னு ஆகிட்டா, இல்லாத மூட்டை மொத்தமும் உள்ளூர்ச் சந்தையில வந்து விழும். அப்ப விலை என்ன ஆகும்னு சொல்லித் தெரியவேண்டியதில்ல.

*

சரி, முதல் அடி ஐரோப்பாவுக்கு. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும்.

எங்க சித்தப்பா தோட்டத்துலேர்ந்து அண்ணாந்து பார்த்தா தெரியற மலை முகட்டுக்கு டாப் ஸ்டேஷன்னு பேரு. டூர் போனவங்க பார்த்திருப்பீங்க. எதோட 'டாப்'பு அது? கயிற்றுப்பாதையோட. 1877ல ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு ராஜாகிட்டேர்ந்து கண்ணன்தேவன் மலையை வாங்கின பிற்பாடு, சோலைக்காட்டை வெட்டித் தேயிலை போட்டாங்க. அந்தத் தேயிலை மூணாறுலேர்ந்து குட்டி ரயில்ல டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கேர்ந்து கயிற்றுப்பாதையில தொங்கிக்கிட்டே எங்க கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடி, அப்புறம் கப்பல், அப்புறம் இங்கிலாந்து. ரயில் 1924 வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போச்சு. வெட்டின காடு திரும்ப வரல. அன்னைக்கு எந்த வெள்ளைக்காரனும் "இந்தத் தேயிலை எந்த அட்சரேகையில விளைஞ்சது, அங்க முன்னாடி என்ன மரம் இருந்தது"ன்னு கேட்டுட்டு டீ குடிக்கல.

நியாயமா ஒண்ணையும் சொல்லிடறேன். 2020ன்னு கோடு போட்டது நமக்கும் சாதகம்தான். எங்க தாத்தா பண்படுத்தினதும் அந்தக் கோட்டுக்கு முன்னாடியே. அதனால "பழைய பாவம்" வாதத்தை இதுக்கு மேல இழுக்க மாட்டேன். என் சண்டை இப்ப நடக்கறதோட.

சட்டம் அமலுக்கு வரவேண்டிய முதல் நாள் 2024 டிசம்பர் 30. ஒரு வருஷம் தள்ளி வெச்சாங்க. 2025 செப்டம்பர்ல இன்னொரு தடவை தள்ளணும்னு ஐரோப்பிய ஆணையம் கேட்டது. காரணம் என்ன சொன்னாங்க தெரியுமா? அவங்களோட கணினி அமைப்பு அவ்வளவு சுமையைத் தாங்காதாம்! சாப்ட்வேர்ல வேலை செய்யறவங்க எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்னு கைதட்டுங்க. நாம ரிலீஸ் தேதியை ரெண்டு நாள் தள்ளினா கிளையன்ட் கான்பரன்ஸ் கால்ல தோலை உரிப்பான். இவங்க சர்வர் தாங்காதுன்னு சொல்லி, கடைசியில 2025 டிசம்பர்ல தேதி மறுபடி நகர்ந்துடுச்சு. பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30. குறு, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30.

அதோட நிக்கல. அந்தத் திருத்தத்துல அச்சிட்ட புத்தகம், பத்திரிகையெல்லாம் பட்டியல்லேர்ந்து வெளிய போயிடுச்சு. குறைந்த ஆபத்துள்ள நாட்டுல தானே விளைவிச்சுத் தானே சந்தைக்கு விடற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, ஒரே ஒரு தடவை எளிய அறிவிப்பு கொடுத்தா போதும்னு ஆச்சு. அவருக்கு அட்சரேகை தீர்க்கரேகைக்குப் பதிலா தபால் முகவரியே போதும்! காகிதத்துல பார்த்தா அது நமக்கும் பொருந்தும். ஏன்னா 2025 மே மாசம் இந்தியாவையும் 'குறைந்த ஆபத்து' நாடுன்னு அறிவிச்சாங்க. ஆனா அந்தச் சலுகையை எங்க சித்தப்பா அனுபவிக்கணும்னா, அவர் தன் ஒன்பது மூட்டைக் காபியைத் தலையில தூக்கிட்டுப் போய் ஹாம்பர்க் துறைமுகத்துல தன் பேர்லயே இறக்கணும். வியாபாரி மூலமா போற சரக்குக்கு அது செல்லாது. ஜெர்மனியில காடு வெச்சிருக்கற சின்ன ஆளுக்குத் தபால் முகவரி. கொட்டகுடியில காபி வெச்சிருக்கற சின்ன ஆளுக்கு ஆறு தசமம்.

இந்த ஆறு தசமத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நாங்க படிச்ச இன்ஜினியரிங்குக்கு இதுலயாவது உபயோகம் இருக்கட்டும். ஒரு டிகிரியில பத்து லட்சத்துல ஒரு பங்குன்னா தரையில சுமார் 11 சென்டிமீட்டர். நம்ம போன்ல இருக்கற ஜி.பி.எஸ். திறந்த வெளியிலயே சில மீட்டர் தப்புக் காட்டும். சில்வர் ஓக் நிழல்ல, மலை மடிப்புக்குள்ள நின்னா இன்னும் மோசம். நான் அதே களத்துல நின்னு மூணு தடவை எடுத்துப் பார்த்தேன். மூணும் வேற வேற. ஆறு இலக்கம் எழுதினா ஆறு இலக்கத்துக்குத் துல்லியம்னு அர்த்தமில்ல. முதல் வருஷம் லேப்ல இதைச் சொல்லித்தான் எங்க ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிஞ்சாங்க.

மூணு ஏக்கருக்கு நடுவுல ஒரு புள்ளின்னா இந்தத் தப்பு பெரிசில்லதான், ஒத்துக்கறேன். ஆனா மலைத் தோட்டம் சதுரமா இருக்காது. ஓடையை ஒட்டி நாடா மாதிரி நீளும். பக்கத்துலயே காப்புக்காட்டு எல்லைக்கல். பத்து மீட்டர் நகர்ந்தா எங்க சித்தப்பா காபி, காகிதத்துல காட்டுக்குள்ள முளைச்சிடும்.

இன்னொண்ணு. சட்டத்துல 'காடு'ன்னா என்னன்னு எழுதியிருக்காங்க: அரை ஹெக்டேருக்கு மேல பரப்பு, 5 மீட்டருக்கு மேல உயரமான மரம், 10 சதவீதத்துக்கு மேல நிழல் மூடல். விவசாய நிலம் இதுல சேராது. மரநிழல்ல பயிர் வைக்கற தோட்டமும் விவசாயம்தான்னு தெளிவாவே இருக்கு. ஆனா செயற்கைக்கோளுக்குச் சட்டம் படிக்கத் தெரியாதே! மேலேர்ந்து பார்த்தா நிழல் காபித் தோட்டமும் காடும் ஒரே பச்சை. இங்க வருஷா வருஷம் நிழல் மரத்தைக் கவாத்து பண்ணுவாங்க. அது இல்லேன்னா காபி காய்க்காது. போன வருஷப் படத்துல அடர்பச்சை, இந்த வருஷப் படத்துல வெளிர்பச்சை. எங்கயோ ஒரு கம்ப்யூட்டர் "காடழிப்பு"ன்னு சிவப்புப் புள்ளி வெச்சா, அதை நீக்கறதுக்கு யார்கிட்டப் போய் நிக்கறது? பொட்டல் காடா வெயில்ல காபி போட்டவனுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. மரத்தோட வாழ்ந்தவனுக்குத்தான் சந்தேகம். இதைவிடத் தலைகீழான விஷயம் இருக்கா?

*

இப்ப அடுத்த அடி. இது நமக்கு.

எங்க ஊர் வாட்ஸப் குரூப்புல ஒரு வாரமா "மறுபடியும் வெள்ளையன் வந்துட்டான், நிலத்தைப் பிடுங்கப் போறான்"னு பார்வர்டு ஓடுது. ஜல்லியடிக்கறதுக்கும் ஒரு அளவு வேணும். வெள்ளைக்காரன் கேட்டது, "இந்த நிலம் எங்க இருக்கு, இதுல விவசாயம் பண்ண உனக்கு உரிமை இருக்கா?" இவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்ல முடியாத நிலைமையில நம்மள வெச்சது யாரு? பிரஸ்ஸல்ஸா?

எங்க பட்டா கதையைக் கேளுங்க. தோட்டம் தாத்தாவும் பெரிய தாத்தாவும் சேர்ந்து பண்படுத்தினது. பட்டா பெரிய தாத்தா பேர்ல. 1979லேர்ந்து 1987 வரைக்கும் தமிழ்நாடு முழுக்க யு.டி.ஆர்.னு நிலப் பதிவேட்டைப் புதுப்பிச்சாங்களே, அதுல எங்க சர்வே எண்ணை உட்பிரிவு பண்ணப்ப, ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கற ஒரு ஏக்கர் சொச்சம் பக்கத்துத் தோட்டக்காரர் கணக்குல ஏறிடுச்சு. அவரும் நல்ல மனுஷன், "உங்க நிலம்தான், எனக்கெதுக்கு"ன்னு சொல்லிட்டே இருந்தார். சொல்லிட்டே இருந்து செத்தும் போயிட்டார். அவர் பிள்ளைங்க பெங்களூருல. எங்க பெரிய தாத்தா பிள்ளைங்க திருப்பூர்ல ரெண்டு, துபாய்ல ஒண்ணு. இந்த யு.டி.ஆர். பிழையைத் திருத்தச் சொல்லி எங்க அப்பா மனு கொடுத்தப்ப நான் ஆறாம் கிளாஸ். இப்ப எனக்குத் தலையில ரெண்டு வெள்ளை முடி வந்தாச்சு. மனு எந்த மேஜையில இருக்குன்னு தெரியல.

எங்க கதை விசேஷமான கதையும் இல்ல. யு.டி.ஆர்.னு சொன்னாலே பெருமூச்சு விடற குடும்பம் தமிழ்நாட்டுல எந்த ஊர்லதான் இல்ல? சமவெளியிலயே அப்படின்னா மலையில கேட்கவே வேணாம். ஜமீன் ஒழிப்பு 1948. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955. வனப் பாதுகாப்புச் சட்டம் 1980. வன உரிமைச் சட்டம் 2006. ஒவ்வொண்ணும் ஒரு கோடு போட்டது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்-ஆப் தேதி, ஒவ்வொரு ஆபீஸுலயும் ஒரு தனி ரிஜிஸ்டர். 'அ' பதிவேட்டுல ஒரு பேர், அடங்கல்ல ஒரு பேர், வில்லங்கச் சான்றுல ஒரு பேர். நேர்ல போனா சித்தப்பா கையில மண்வெட்டி.

ஏலத்தோட்டக்காரங்களே, உங்க பங்கு இதோ. 1956ல தேவிகுளம், பீர்மேடு கேரளாவோட போன பிறகும், மேல பல தோட்டம் நம்ம போடி, தேவாரம், கம்பத்து ஆளுங்க கையிலதான். தினம் காலையில ஜீப்ல அடைஞ்சு மேல போற பெண்களும் நம்ம ஊர்தான். அந்த ஏலமலைக் காட்டோட பரப்பு என்னன்னு இன்னைக்கும் தகராறு. திருவிதாங்கூர் அரசு 1897ல போட்ட அறிவிக்கையில இருக்கறது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா? முன்னாடி ஒரு '2' இருக்கா இல்லையான்னுதான் வழக்கு! நிலம் வருவாய்த் துறையோடது, அதுமேல நிக்கற மரம் வனத்துறையோடதுன்னு ரெட்டை ஆட்சி வேற. 2024 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம், வழக்கு நிலுவையில இருக்கறப்ப அங்க புதுசா பட்டா கொடுக்கக் கூடாதுன்னு இடைக்கால உத்தரவு போட்டது. புள்ளிக்கு அப்புறம் ஆறு இலக்கம் கேட்கறான்னு ஐரோப்பாக்காரனைத் திட்டறோம். நமக்குப் புள்ளிக்கு முன்னாடி இருக்கற முதல் இலக்கமே 125 வருஷத்துக்கு மேல முடிவாகல. நாளைக்கு ஏலக்காயையும் பட்டியல்ல சேர்த்தா நீங்க என்ன காகிதத்தை நீட்டுவீங்க?

அவங்க சர்வர்ல பிழைன்னா ஒரு வருஷம் அவகாசம், அதுவும் ரெண்டு தடவை. எங்க பட்டாவுல பிழைன்னா நாற்பது வருஷமா மனு. இதுல யாரைத் திட்டறதுன்னு நீங்களே சொல்லுங்க.

*

இனிமேதான் நிஜமான வில்லன் வர்றார்.

நான் ஊர்ல இருந்த ரெண்டாவது நாளே ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, ரெண்டு போன். அப்பாவைப் பார்த்து, "அண்ணே, இனிமே பட்டா பக்காவா இல்லாத தோட்டத்துக் காபிய ஒரு பய தொடமாட்டான். ஐரோப்பாவுல சட்டமே போட்டாய்ங்க. பேசாம குடுத்துருங்க. மெட்ராஸ் பார்ட்டி இருக்கு. காட்டேஜ் கட்டுறதுக்குப் பாக்குறாய்ங்க. பட்டா சிக்கல அவுங்களே பாத்துக்கிருவாங்க"ன்னார்.

கடைசி வாக்கியத்தை மறுபடி படிங்க. எங்க அப்பாவால திருத்த முடியாத பட்டாவை 'பார்ட்டி' திருத்திக்குமாம். எப்படின்னு நான் கேட்கல, அவரும் சொல்லல. நம்ம ரெண்டு பேருக்குமே தெரியும்.

அவர் சொன்ன விலை, அதே சரிவுல காகிதம் சுத்தமா இருக்கற தோட்டத்தோட விலையில பாதிகூட இல்ல.

அந்த ஐரோப்பியச் சட்டத்துல 'காடழிப்பு'க்கு என்ன விளக்கம் தெரியுமா? காட்டை விவசாயப் பயன்பாட்டுக்கு மாத்தறது. விவசாயத்துக்கு மட்டும்! சோலைக்காட்டை வெட்டிக் காபி போட்டா காடழிப்பு. அதே காட்டை வெட்டி நீச்சல் குளத்தோட ரிசார்ட் கட்டினா, அந்தச் சட்டக் கணக்குல காடழிப்பே கிடையாது. அவங்க சட்டம் பொருள்களைப் பத்தினது, ரிசார்ட்டைக் கப்பல்ல ஏத்தி அனுப்ப மாட்டோம், அதனால அவங்க நோக்கத்துல அது சரியா இருக்கலாம். ஆனா எங்க மலையில அதோட விளைவு என்ன? மரநிழல்ல காபி வெச்சு, ஓடையைக் காப்பாத்தி, காட்டுமாட்டுக்குப் பாதி விட்டுட்டு மீதியைப் பறிக்கற மனுஷன் தன் மேல குத்தமில்லன்னு நிரூபிக்கணும். அவன் நிரூபிக்க முடியாம விக்கற நிலத்துல ஜே.சி.பி. விட்டு மலையைக் குடையறவனை பிரஸ்ஸல்ஸ் ஒரு கேள்வியும் கேட்காது. காட்டைக் காப்பாத்த வந்த சட்டம், காடு மாதிரியே இருக்கற கடைசித் தோட்டங்களை ரியல் எஸ்டேட் கையில தள்ளிவிட்டுட்டுப் போகும்.

பெரிய எஸ்டேட்டுக்கு ஒரு கவலையும் இல்ல. அவங்ககிட்ட சர்வேயர் இருக்கார், வக்கீல் இருக்கார், எல்லையைச் சுத்தி டிரோன் பறக்கும். அவங்க காபிக்குக் கூடுதல் விலையே கிடைக்கும். ஆனா இந்தியாவுல 100 காபித் தோட்டம்னா அதுல 98க்கு மேல 10 ஹெக்டேருக்குக் கீழ இருக்கற சின்னத் தோட்டம். அவங்களுக்குத்தான் இந்த வலி.

"இந்தியாதான் குறைந்த ஆபத்து நாடாச்சே, அப்புறம் ஏன் குதிக்கறே?"ன்னு கேட்கலாம். குறைந்த ஆபத்துன்னா இறக்குமதியாளர் ஆபத்தை மதிப்பிட்டு அறிக்கை தயாரிக்க வேண்டாம். அங்க சோதனை போடறதும் 100க்கு ஒண்ணுதான். ஆனா புவிக் குறியீடும், நிலத்தைப் பயன்படுத்தற உரிமைக்கான தகவலும் வாங்கியே ஆகணும். சலுகை இறக்குமதியாளருக்கு. படிவம் சித்தப்பாவுக்கு.

இன்னொரு உள்குத்து இருக்கு. சட்டம் எங்கயும் 'பட்டா'ன்னு கேட்கல. அது கேட்கறது நிலத்தைப் பயன்படுத்தற உரிமைக்கு ஏதாவது ஒரு ஏற்பாடு. நம்ம ஊர் சட்டப்படி காபி விக்கறதுக்குப் பட்டா தேவையும் இல்ல. அப்ப படிவத்துல பட்டா எண் எப்படி முளைச்சது? அபராதத்துக்குப் பயந்த இறக்குமதியாளர் ஒரு படி கூடக் கேட்டிருப்பார். அவருக்கு விக்கறவர் அதுக்கும் மேல ஒரு படி. கீழ வர்றதுக்குள்ள 'உரிமை'ங்கறது 'பட்டா'வாகி, 'பட்டா இல்லேன்னா விலை குறைவு'ன்னு ஆகிடுது. சட்டம் கேட்காததைச் சந்தை கேட்குது. அதைத் தட்டிக் கேட்க நம்ம பக்கம் ஆள் இல்ல.

*

சும்மா புலம்பிட்டுப் போனா நீங்க கும்மி அடிப்பீங்க. அதனால நான் கேட்கறதையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, ஐரோப்பாகிட்ட. ஜெர்மனி சின்ன ஆளுக்குத் தபால் முகவரி போதும்னா, வியாபாரி மூலமா விக்கற எங்க சின்ன ஆளுக்கும் கிராமமும் சர்வே எண்ணும் போதும்னு சொல்லுங்க. தகவல் திரட்டற செலவை விலையில சேர்த்துக் கொடுங்க. கேட்கறவன்தான் கூலி தரணும்.

ரெண்டு, நம்ம அரசுகிட்ட. காபி வாரியம் தோட்டங்களைப் பதிவு பண்றது நல்ல விஷயம். ஆனா குறியீட்டை மட்டும் பதிஞ்சா பாதி வேலைதான். வருவாய்த் துறை, வனத்துறை, காபி வாரியம் மூணும் ஒரே நாள்ல ஒரே சரிவுக்கு வந்து, அளந்து, கூட்டுப் பட்டாவைப் பிரிச்சு, யு.டி.ஆர். பிழையைத் திருத்திக் கொடுக்கணும். 'எங்கிருந்தும் எந்நேரமும்'னு பட்டாவை இணையத்துல காட்டறீங்க, சந்தோஷம். தப்பையும் எங்கிருந்தும் எந்நேரமும் பார்க்கலாம்ங்கறதுதான் இப்ப வரைக்கும் எங்களுக்கு நடந்த ஒரே முன்னேற்றம்.

மூணு, வனத்துறைகிட்ட. இந்தத் தோட்டம் 2020க்கு முன்னாடியே தோட்டம்தான்னு ஒரு சான்று கொடுங்க. செயற்கைக்கோள் படத்தை மறுக்க அது போதும். உங்ககிட்ட இல்லாத ஆதாரம் வேற யார்கிட்ட இருக்கு?

நாலு, நம்ம ஜனங்ககிட்ட. வியாபாரி படிவத்தைக் கொண்டு வந்தா, குறியீட்டை எடுத்து நீங்களும் ஒரு பிரதி வெச்சுக்கோங்க. உங்க நிலத்தோட குறியீடு அடுத்தவன் போன்ல மட்டும் இருந்தா, அடுத்த வருஷமும் அவன் சொல்ற விலைதான். பத்து பேர் சேர்ந்து ஒரு நோட்டு போடுங்க. மூணு ரசீது, பழைய தீர்வை கட்டின சீட்டு, அடங்கல் நகல், எதுவா இருந்தாலும் 'உரிமை'க்கு ஆதாரம்தான். பார்வர்டு பண்ற நேரத்துல அந்த மஞ்சள் பையைத் தேடி எடுங்க. முக்கியமா, பயத்துல விக்காதீங்க. இன்னைக்குப் புரோக்கர் வாங்க நினைக்கறது நிலத்தை இல்ல, உங்க பயத்தை. அதான் பாதி விலைக்குக் கேட்கறார்.

*

எங்க வீட்டுல என்ன ஆச்சு? மூணாவது நாள் சித்தப்பாவும் நானும் தோட்டத்தை ஒரு சுத்து சுத்தினோம். ஒவ்வொரு முனையிலயும் நின்னு, பத்து நிமிஷம் காத்திருந்து, குறியீடு எடுத்தோம். அவர் எல்லைக்கல்லைக் காலால தட்டித் தட்டிக் காட்டினார். ஒரு கல்லு காட்டுச்செடிக்குள்ள புதைஞ்சு கிடந்தது. அதை அவர் அரிவாளால செதுக்கி வெளிய எடுக்கறதைப் பார்த்துட்டே நின்னேன். இத்தனை வருஷத்துல நான் அந்தத் தோட்டத்தை முழுசா சுத்தினதே அன்னைக்குத்தான். அந்த வெட்கத்தையும் இங்கயே பதிஞ்சுடறேன்.

திரும்பி வந்து களத்துல உட்கார்ந்தப்ப படிவத்தை நிரப்பினேன். பெயர், கிராமம், சர்வே எண், பரப்பு, குறியீடு, எல்லாம் ஆச்சு. பட்டா எண்கிட்ட வந்து நின்னேன்.

"என்னடா எழுதப் போற?"ன்னார்.

பெரிய தாத்தா பேர்ல இருக்கற பட்டா எண்ணையே எழுதி, பக்கத்துல 'கூட்டு அனுபவம், மனு நிலுவையில்'னு போட்டேன். துபாய்ல இருக்கற பெரியப்பாவுக்கும் திருப்பூர்க்காரங்களுக்கும் போன் பண்ணியாச்சு. பொங்கலுக்கு எல்லாரும் வர்றாங்க. பாகப்பிரிவினை பத்திரம் எழுதறதா முடிவு. நாற்பது வருஷமா நடக்காத பேச்சுவார்த்தை இது. அந்த அளவுக்கு பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு நன்றி. மீதியெல்லாத்துக்கும் வசவுதான்.

புரோக்கர் மறுபடி போன் பண்ணினார். சித்தப்பா எடுத்து, "அளந்துக்கிட்டிருக்கோம்ப்பா. அளந்து முடிச்சுட்டுச் சொல்றோம்"னு வெச்சுட்டார்.

டிஸ்கி 1: நான் காட்டுக்கு எதிரி இல்ல. காட்டுக்காகச் சட்டம் வேணும்னு சொல்றவன்தான். அந்தச் சட்டத்தோட எடையை யார் தோள்ல வெக்கறோம்ங்கறதுதான் கேள்வி.

டிஸ்கி 2: ஏற்காடு, தாண்டிக்குடி, நீலகிரி, கூர்க் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா, உங்க பக்கம் இந்தப் படிவம் வந்துச்சா, பட்டா எண் கேட்டாங்களான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. 'ஆகா அருமை'ன்னு மட்டும் போட்டுட்டுப் போனா அடுத்த பதிவு ஆறு தசமத்துக்கு நீளும். எச்சரிக்கை :-)